சிறு, குறு விவசாயிகள் அரசு நிதியுதவியை முறையாகப் பெறும் வழி

தமிழ்நாட்டில் ஐந்து ஏக்கருக்குள் நிலம் வைத்திருக்கும் ஒரு விவசாயிக்கு ஒன்றிய அரசும் மாநில அரசும் வைத்திருக்கும் திட்டங்களின் பட்டியல் நீளமானது. இருந்தும் பலருக்கு அவற்றில் இரண்டோ மூன்றோ மட்டுமே எட்டுகின்றன. திட்டம் தெரியாததைக் காரணமாகச் சொல்வார்கள். நான் பார்த்த அளவில் அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி பட்டாவிலும் அடங்கலிலும் வங்கிக் கணக்கிலும் இருக்கிறது. உழுபவர் யார் என்பதை வயலில் நின்று பார்த்து எந்தத் திட்டமும் முடிவு செய்வதில்லை; பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் அது விவசாயியாகக் கருதுகிறது. ஆகவே விண்ணப்பப் படிவத்தைத் தேடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகளிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் பட்டா

தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்தால் பட்டா, சிட்டா (நில உரிமை, பரப்பு விவரப் பதிவு), அ-பதிவேடு (கிராமத்தின் நிலப் பதிவேடு), புலப்படம் ஆகியவற்றைப் பார்க்க முடியும். அதில் நான்கு விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும்: உரிமையாளர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், புல எண்ணும் உட்பிரிவு எண்ணும், பரப்பளவு. பெயரில் உள்ள வேறுபாட்டை அற்பமாக எண்ண வேண்டாம். பட்டாவில் ‘சுப்பிரமணியன்’ என்றும் ஆதாரில் ‘சுப்ரமணி’ என்றும் இருந்தால், ஊரில் எவருக்கும் சந்தேகம் வராது. பெயர்களை ஒப்பிடும் கணினிக்கு அவர்கள் இருவர்.

பெரும்பாலான குடும்பங்களில் சிக்கல் இதைவிடப் பெரியது. தந்தை இறந்து பத்தாண்டு ஆகியிருக்கும். அண்ணன் தம்பிகள் வரப்பு வைத்துப் பிரித்துப் பயிர் செய்துகொண்டிருப்பார்கள். பட்டா மட்டும் இன்னும் தந்தை பெயரிலேயே இருக்கும். இந்த நிலையில் எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பித்தாலும் அது திரும்பி வரும். இறப்புச் சான்றையும், வட்டாட்சியரிடம் பெற வேண்டிய வாரிசுச் சான்றையும் வைத்து, இ-சேவை மையம் வழியாகப் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வாரிசுகள் அனைவரின் பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டா முதலில் கிடைக்கும். பங்குகளைப் பத்திரம் மூலம் பிரித்துப் பதிவு செய்து, நில அளவர் வந்து அளந்து உட்பிரிவு செய்தால்தான் தனிப் பட்டா கிடைக்கும். உட்பிரிவுக்குக் காலம் பிடிக்கும் என்பதால், அதற்காகக் காத்திருக்காமல் கூட்டுப் பட்டாவையாவது உடனே வாங்கிவிடுவது நல்லது. ஆண்டுதோறும் வட்டங்களில் நடக்கும் ஜமாபந்தி, அதாவது வருவாய்த் துறையின் கிராமக் கணக்குத் தணிக்கை, இத்தகைய மனுக்களைக் கொடுப்பதற்கு ஏற்ற இடம். கிராமக் கணக்குகள் அனைத்தும் அன்று அலுவலரின் மேசை மீதே இருக்கும்.

அடுத்தது அடங்கல். எந்தப் புல எண்ணில், எந்தப் பசலியில் (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டில்), எவ்வளவு பரப்பில், என்ன பயிர் என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் பதிவு செய்யும் கணக்கு இது. பசலி ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. 2025 ஜூலையில் தொடங்கியது 1435ஆம் பசலி. பயிர்க்கடனுக்கும் காப்பீட்டுக்கும் நடப்புப் பசலியின் அடங்கல் தேவை என்பதால், விதைத்த சில நாட்களிலேயே அதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். உளுந்து விதைத்த வயலுக்குச் சென்ற ஆண்டின் பழக்கத்தில் நெல் என்று எழுதப்பட்டிருந்தால், அந்த ஒரு சொல்லே பின்னர் இழப்பீட்டைத் தடுத்துவிடும்.

மூன்றாவது ஆவணம் சிறு, குறு விவசாயி சான்று. நாடு முழுவதும் பொதுவாகப் பின்பற்றப்படும் வரையறையில், ஒரு ஹெக்டேர் வரை, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் வரை வைத்திருப்பவர் குறு விவசாயி. அதற்கு மேல் இரண்டு ஹெக்டேர் வரை வைத்திருப்பவர் சிறு விவசாயி. சான்றை வட்டாட்சியர் அலுவலகம் வழங்குகிறது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மானிய விகிதம் முழுவதும் இந்தச் சான்றைப் பொறுத்தே மாறுவதால், தேவை வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இவற்றோடு, 2025 முதல் தமிழ்நாட்டில் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்கப்பட்டு வருகிறது. நில விவரம், ஆதார், கைப்பேசி எண் மூன்றையும் ஒன்றாக இணைக்கும் பதிவு இது. கட்டணம் இல்லை. பட்டா உங்கள் பெயரில் இருந்தால் ஒரே அமர்வில் முடிந்துவிடும். அடுத்தடுத்த திட்டங்கள் இந்த எண்ணையே கேட்கத் தொடங்கியிருப்பதால் இதைத் தவறவிடக் கூடாது.

வங்கிக் கணக்கில் ஒரு நுணுக்கம்

‘என் கணக்கில் ஆதார் இணைத்திருக்கிறேனே, பிறகும் ஏன் பணம் வரவில்லை’ என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இதுதான். கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுப்பது வேறு; நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக அந்தக் கணக்கைத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் பதிவில் ஆதாரோடு பொருத்துவது வேறு. ஒருவர் எத்தனை வங்கிகளில் கணக்கு வைத்திருந்தாலும், ஆதார் வழியாக வரும் அரசுப் பணம் கடைசியாகப் பொருத்தப்பட்ட ஒரே கணக்குக்குத்தான் போகும். சிலருக்குப் பணம் வந்துகொண்டே இருக்கும். அவர்கள் மறந்துபோன வேறொரு கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கும். வங்கிக் கிளைக்குச் சென்று, மானியப் பணம் வரும் கணக்காக இதைப் பொருத்தித் தருமாறு எழுத்து மூலம் கேட்டு, ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு 6,000 ரூபாய்

பி.எம்.கிசான் எனப்படும் பிரதமரின் விவசாயிகள் கௌரவ நிதித் திட்டம் 2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கப்பட்டது. நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 6,000 ரூபாய். 2025 நவம்பரில் கோயம்புத்தூரில் வைத்து விடுவிக்கப்பட்ட 21ஆவது தவணையிலும் அதே 2,000 ரூபாய்தான். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் உரமும் கூலியும் ஏறியதை இந்தத் தொகை அறியாது. தொடக்கத்தில் இரண்டு ஹெக்டேர் வரம்பு இருந்தது; 2019லேயே அது நீக்கப்பட்டு, நிலம் உள்ள எல்லா விவசாயக் குடும்பங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. கணவன், மனைவி, வயதுவராத பிள்ளைகள் சேர்ந்து ஒரு குடும்பம். குடும்பத்துக்கு ஒரு பயனாளி.

வருமான வரி செலுத்துவோர், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் பெறுவோர், கடைநிலைப் பணியாளர் நீங்கலான அரசு ஊழியர்கள், தொழில் புரியும் மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர், பட்டயக் கணக்காளர் ஆகியோருக்கு இதில் இடமில்லை. 2019 பிப்ரவரி 1க்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலத்தை வைத்து விண்ணப்பிக்க முடியாது; ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு நில உரிமையாளர் இறந்து வாரிசாக நிலம் வந்திருந்தால் தகுதி உண்டு. இந்த விலக்கு பலருக்குத் தெரிவதில்லை. குத்தகைக்குப் பயிரிடுபவர்களுக்கு இத்திட்டத்தில் எதுவும் கிடையாது என்பதே இதன் மிகப் பெரிய குறை என்பது என் கருத்து.

தவணை நின்றுபோனால் திட்டத்தின் இணையதளத்தில் பயனாளி நிலை என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். நில விவரம் இணைப்பு, மின்னணு முறையில் விவரம் சரிபார்ப்பு, ஆதாருடன் வங்கிக் கணக்கு இணைப்பு என்று மூன்று வரிகள் இருக்கும். எது ‘இல்லை’ என்று காட்டுகிறதோ அதற்கேற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். முதலாவதற்கு வட்டார வேளாண்மை விரிவாக்க மையம். இரண்டாவதற்குப் பொதுச் சேவை மையத்தில் கைரேகை, அல்லது கைப்பேசியில் ஓ.டி.பி. அல்லது முகப்பதிவு. மூன்றாவதற்கு வங்கி. இதைப் பார்க்காமல் மூன்று அலுவலகங்களுக்கும் மாறி மாறி அலைந்தவர்கள் ஏராளம். உதவி எண் 155261.

2020இல் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் தகுதியற்றவர்கள் பெருமளவில் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டது வெளிவந்து, கொடுத்த பணம் திரும்ப வசூலிக்கப்பட்டது. இடைத்தரகர்களை நம்பி ஆதாரையும் ஓ.டி.பி.யையும் கொடுத்தவர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள். திட்டத்தின் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்புகளைத் தொடவே கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பயிர்க்கடனை எங்கே வாங்குவது

1998இல் அறிமுகமான கிசான் கடன் அட்டையின் கீழ், 3 லட்சம் ரூபாய் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். குறித்த நாளுக்குள் திருப்பிச் செலுத்தினால் 3 சதவீதம் ஊக்கத்தொகையாகக் கழிந்து, உண்மையான வட்டி 4 சதவீதமாகிறது. ஒரு லட்சத்துக்கு ஓராண்டு வட்டி 7,000 என்பது 4,000 ஆகும். 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரை பிணையம் இல்லாமல் கடன் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு முன் இந்த வரம்பு 1.6 லட்சமாக இருந்தது. எனவே அந்த அளவுக்குள் கேட்கும்போது நிலப் பத்திரத்தை அடமானமாக வைக்கச் சொன்னால், காரணத்தை எழுத்தில் தருமாறு பணிவாகக் கேளுங்கள். கறவை மாடு, ஆடு, கோழி, மீன் வளர்ப்பு ஆகியவற்றின் நடைமுறைச் செலவுக்கும் இதே அட்டையைப் பயன்படுத்தலாம்.

தமிழ்நாட்டில் இதைவிடக் குறைந்த செலவில் கடன் தருவது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கம். உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துபவருக்கு வட்டியே இல்லை. அந்த வட்டியை மாநில அரசு ஏற்கிறது. சங்கத்தில் உறுப்பினராகி, பங்குத் தொகை கட்டி, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைக் கொடுத்தால், பயிர்வாரியாக ஏக்கருக்கு நிர்ணயித்த கடன் அளவின்படி தொகை கிடைக்கும். ஒரு பகுதி பணமாகவும் ஒரு பகுதி உரமாகவும் தரப்படுவதுண்டு. ஒரே நிலத்தைக் காட்டி இரண்டு இடங்களில் பயிர்க்கடன் வாங்க முடியாது. எனவே சங்கமா வங்கியா என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். முதல் கடனுக்கு நான் சங்கத்தையே பரிந்துரைப்பேன்.

2021இல் கூட்டுறவு சங்கங்களில் 16.43 லட்சம் விவசாயிகள் வாங்கிய 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்பட்டது. 2006லும் 2016லும்கூட அப்படி நடந்தது. இதைப் பார்த்துவிட்டு, அடுத்த தள்ளுபடி வரும் என்று கட்டாமல் இருப்பவர்கள் ஒரு கணக்கைத் தவறவிடுகிறார்கள். தவணை தாண்டிய நாளிலேயே வட்டிச் சலுகை போய்விடும். அடுத்த பருவத்துக்குக் கடன் கிடைக்காது. அந்தப் பருவத்துக்கு வெளியில் வாங்கும் கந்துவட்டி, எப்போதாவது வரக்கூடிய தள்ளுபடியைத் தின்றுவிடும்.

பயிர்க் காப்பீடு: கவனமாகச் செய்ய வேண்டியது

2016 காரீப் பருவத்தில் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்ட வேண்டிய பங்கு, காப்பீட்டுத் தொகையில், காரீப் (மழைக்காலப் பருவம்) பயிர்களுக்கு 2 சதவீதம், ராபி (குளிர்காலப் பருவம்) பயிர்களுக்கு 1.5 சதவீதம், ஆண்டு வணிகப் பயிர்களுக்கும் தோட்டக்கலைப் பயிர்களுக்கும் 5 சதவீதம். மீதியை இரு அரசுகளும் ஏற்கின்றன. ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1.5 சதவீதம் என்பது 540 ரூபாய். 2020 காரீப் முதல் கடன் வாங்கியவர்களுக்கும் இது கட்டாயமில்லை. வேண்டாம் என்றால் கடைசித் தேதிக்கு ஏழு நாட்களுக்கு முன்பே வங்கிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

இத்திட்டத்தைப் பற்றிய கசப்பில் பெரும்பகுதி, இழப்பீடு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது தெரியாததால் வருவது. காப்பீட்டின் அலகு உங்கள் வயல் அல்ல. அறிவிக்கை செய்யப்பட்ட கிராமம் அல்லது பிர்க்கா (பல வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த பகுதி). கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்து ஆண்டுகளின் சராசரி மகசூலை இழப்பீட்டு நிலையின் சதவீதத்தால் (சராசரியில் எவ்வளவு பங்குக்குக் காப்பீடு என்று அந்தப் பயிருக்கு அரசு நிர்ணயித்த அளவு) பெருக்கி, உத்தரவாத மகசூல் கணக்கிடப்படும். பயிர் அறுவடைப் பரிசோதனையில் கிடைத்த சராசரி அதற்குக் கீழே எவ்வளவு போகிறதோ அந்த விகிதத்தில் எல்லோருக்கும் பணம் வரும். உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 1,000 கிலோ, கிராமத்தின் சராசரி 600 கிலோ என்றால் குறைவு 40 சதவீதம்; 36,000இல் 14,400 ரூபாய். உங்கள் வயல் முழுவதும் அழிந்து, கிராமத்தின் சராசரி 1,050 கிலோவாக இருந்தால் இந்தக் கணக்கில் எதுவும் வராது. இதனால்தான் அறுவடைப் பரிசோதனை எந்தப் புல எண்களில், எந்த நாளில் நடக்கிறது என்பதைக் கேட்டறிந்து, ஊரார் சிலர் அந்த இடத்தில் நின்று பார்ப்பது முக்கியம்.

தனி வயலுக்கு இழப்பீடு கிடைக்கும் சூழலும் உண்டு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு போன்ற குறிப்பிட்ட இடத்தைத் தாக்கும் பேரிடர்களும், அறுத்து வயலில் காயவைத்த பயிர் 14 நாட்களுக்குள் மழையில் சேதமாவதும் அதில் சேரும். நிகழ்ந்த 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டுச் செயலி, 14447 என்ற உதவி எண், வங்கி, வேளாண்மை அலுவலகம் ஆகிய ஏதேனும் ஒரு வழியில் தெரிவித்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வயலின் நான்கு மூலைகளிலிருந்தும் படம் எடுங்கள். நெல் வயல் நீரில் மூழ்குவது 2018இல் இந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. காவிரிப் படுகை விவசாயிகளுக்கு அது பெரிய இழப்பாக இருந்தது. வனவிலங்குச் சேதத்தோடு சேர்த்து அதையும் 2026 காரீப் முதல் மீண்டும் சேர்ப்பதாக ஒன்றிய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது.

சம்பா, தாளடி நெல்லுக்குப் பெரும்பாலும் நவம்பர் 15 கடைசி நாள். சில ஆண்டுகளில் மாத இறுதிவரை நீட்டித்திருக்கிறார்கள். அந்த நீட்டிப்பை நம்பியிருந்தால், அடங்கலுக்கான வரிசையும் இணையதளத்தின் மந்தமும் சேர்ந்து கடைசி இரு நாட்களை விழுங்கிவிடும். பதிவு முடிந்ததும் ரசீதைப் பொதுச் சேவை மையத்திலேயே நின்று படியுங்கள். வருவாய்க் கிராமம், புல எண், பயிர், பரப்பு, கணக்கு எண் ஆகிய ஐந்தையும் விரல் வைத்துப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு கிராமங்கள் உள்ள பிர்க்காக்களில் தவறான கிராமம் தேர்வாகிவிட்டால், இழப்பீடு அந்த வேறு கிராமத்தின் மகசூலைப் பொறுத்தே அமையும். பின்னர் திருத்துவது மிகக் கடினம். குத்தகைதாரர்களும் இத்திட்டத்தில் சேரலாம். அடங்கலில் சாகுபடி செய்பவராகத் தம் பெயர் இடம்பெற்றிருப்பதை அவர்கள் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மானியத்தில் பொருள் வாங்கும்போது

சொட்டுநீர், தெளிப்புநீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் தரப்படுகிறது. ஒன்றிய அரசின் வழிகாட்டுதலில் சிறு, குறு விவசாயிக்கு 55 சதவீதம்தான். அதற்கு மேலான தொகை மாநில அரசுடையது. ஆனால் நூறு சதவீதம் என்பது அரசு நிர்ணயித்த அலகு விலையில் நூறு சதவீதம். அதற்கு மேல் கூடுதலாகக் குழாயோ வடிகட்டியோ கேட்டால் அந்தச் செலவு உங்களுடையது. சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்று, புலப்படம் ஆகியவற்றோடு தோட்டக்கலை அல்லது வேளாண்மை அலுவலகத்தில் பதிவு செய்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அமைத்து முடித்ததும் திருப்திச் சான்றில் கையெழுத்துக் கேட்பார்கள். மோட்டாரை ஓட்டி, கடைசி வரிசையின் கடைசிச் சொட்டுவான் வரை நீர் வருகிறதா என்று பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். அதே நிலத்துக்கு அடுத்த மானியம் கேட்க ஏழு ஆண்டுகள் ஆகும்.

விதி ஒன்றை எல்லா மானியங்களுக்கும் பொதுவாக நினைவில் வையுங்கள். அனுமதி ஆணை கைக்கு வரும் முன் எதையும் வாங்கக் கூடாது. கடையில் வாங்கிவிட்டுப் பட்டியலோடு போனால் மானியம் கிடைக்காது. வங்கிக் கடனோடு இணைந்த திட்டங்களில் மானியம் பின்னேற்பாகத்தான், அதாவது கடன் வாங்கிய பிறகு கடன் கணக்கில் ஈடுசெய்யப்படும் முறையில்தான், வரும்; அதுவரை முழுத் தொகைக்கும் நீங்களே பொறுப்பு.

வேளாண் இயந்திரங்களுக்குப் பொது விவசாயிகளுக்கு 40 சதவீதமும், சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு 50 சதவீதமும் மானியம் உண்டு. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உச்சவரம்பு இருக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறை இதைக் கவனிக்கிறது. மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் மானியம் கிடைக்கிறதே என்று டிராக்டர் வாங்குவதை நான் ஏற்கமாட்டேன். துறையின் வாடகை இயந்திரங்களை மாநில வேளாண்மைத் துறையின் உழவன் செயலி வழியாக முன்பதிவு செய்யலாம். சொந்தமாக வாங்குவதென்றால் களையெடுக்கும் கருவியோ விசைத்தெளிப்பானோ போதும்.

ஓய்வூதியமும் பாதுகாப்பும்

18 முதல் 40 வயதுக்குள் இருக்கும் சிறு, குறு விவசாயிகள், வயதுக்கேற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை கட்டி, 60 வயதில் மாதம் 3,000 ரூபாய் ஓய்வூதியம் பெறும் திட்டம் 2019 முதல் உள்ளது. நீங்கள் கட்டும் அதே அளவு தொகையை ஒன்றிய அரசும் செலுத்தும். பி.எம்.கிசான் பணத்திலிருந்தே சந்தாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். பொதுச் சேவை மையத்தில் சேரலாம். இளம் வயதினருக்கு நல்ல திட்டம். நாற்பதைக் கடந்தவர்களுக்குக் கதவு மூடியிருக்கிறது.

மாநில அரசின் முதலமைச்சர் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் இரண்டரை ஏக்கர் நஞ்சை அல்லது ஐந்து ஏக்கர் புஞ்சை வரை வைத்து நேரடியாகப் பயிர் செய்பவர்களும், குத்தகைதாரர்களும், விவசாயத் தொழிலாளர்களும் 18 முதல் 65 வயதுவரை உறுப்பினராகலாம். விபத்து மரணம், இயற்கை மரணம், பிள்ளைகளின் கல்வி, திருமணம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. உறுப்பினர் அட்டை வீட்டில் எங்கே இருக்கிறது என்பதைக் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும். அட்டை இருந்தும் யாருக்கும் தெரியாததால் உதவியைக் கேட்காமலே விட்ட குடும்பங்கள் உண்டு.

வேலை நின்றுவிட்டால்

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒப்புகை எண்ணை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். எந்த அலுவலகம், என்ன பதில் சொன்னார்கள் என்பதையும் குறித்து வையுங்கள். விவரம் கேட்க 1800 180 1551 என்ற கிசான் அழைப்பு மையம் தமிழிலும் பதில் சொல்கிறது. கீழ்மட்டத்தில் நகராத மனுவை, மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துக்குக் கொண்டு செல்லலாம். வருவாய், வேளாண்மை, கூட்டுறவு, வங்கி அலுவலர்கள் ஒரே அரங்கில் இருப்பதால், ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்புவது அங்கே எளிதல்ல. மனு ஒரு பக்கத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். புல எண்ணும் ஒப்புகை எண்ணும் முதல் மூன்று வரிகளுக்குள் வந்துவிட வேண்டும். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும் எழுதுங்கள். இரண்டு கோரிக்கைகள் உள்ள மனு இரண்டு துறைகளுக்கு நடுவே நின்றுவிடும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு, அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்த நகலோடு செல்லுங்கள்.